ரிப்போர்ட்டில் எண் இடிக்கிறதா? மெஷினைத் தொடும் முன் பார்க்க வேண்டியவை

சேலம் அஸ்தம்பட்டிப் பக்கம் ஒரு சிறிய லேப்பில் பதினாறு வருடமாக டெக்னீஷியனாக இருக்கிறேன். எங்களுக்கு வரும் சாம்பிள்களில் ஒரு பங்கு தினமும் ஏற்காட்டிலிருந்து இறங்கி வருகிறது. சுமார் 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவு. மேலே ஸ்வெட்டர் போடும் குளிர், கீழே கோரிமேட்டைத் தாண்டியதும் அனல். அந்த வழியில் வரும்போது ட்யூபுக்குள் இருக்கும் ரத்தத்துக்கு என்னென்ன நேர்கிறது என்று புரிந்துகொள்ள எனக்குப் பல வருடம் பிடித்தது.

புதிதாகச் சேரும் பிள்ளைகள் ஒரு எண் வித்தியாசமாக வந்தால் முதலில் மெஷினைத்தான் சந்தேகப்படுகிறார்கள். அதே சாம்பிளை மறுபடி ஓட்டுகிறார்கள். அதே எண் வந்தால், சரி, நிஜமாகத்தான் இருக்கும் என்று கையெழுத்துக்கு வைத்துவிடுகிறார்கள். கெட்டுப்போன சாம்பிளைப் பத்துத் தடவை ஓட்டினாலும் பத்துத் தடவையும் அதே எண்தான் வரும். லேப் தவறுகளில் பாதிக்கும் மேல் ரத்தம் மெஷினுக்குள் போவதற்கு முன்பே நடந்து முடிந்திருக்கும். அதனால் நான் தேடும் வரிசை இது: யாருடைய ரத்தம், எந்த ட்யூப், எப்படி வந்தது, அப்புறம்தான் மெஷின்.

கீழே இருப்பவை எங்கள் மேஜையில் அடிக்கடி வந்து நிற்கும் சிக்கல்கள்.

பொட்டாசியம் மட்டும் எகிறி நிற்கிறது

இதில் ஆரம்பிக்கக் காரணம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் ஒரு டிசம்பர் காலையில், மலையில் எஸ்டேட் வேலை செய்யும் ஒரு அம்மாவின் பொட்டாசியம் 7.1 என்று வந்தது. 3.5 முதல் 5.1 வரைதான் இயல்பு. 7.1 என்றால் இதயம் எந்த நேரமும் தடுமாறலாம். யூரியா, கிரியாட்டினின் இரண்டும் சரியாக இருந்தன. சீரத்தை, அதாவது உறைந்த ரத்தத்திலிருந்து பிரிந்து நிற்கும் நீரை, தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன். வெளிர் மஞ்சள், சிவப்பே இல்லை. செல் உடையவில்லை என்றால் எண் உண்மைதான் என்று ஒரு நிமிடம் நானே நினைத்தேன்.

மேலே ரத்தம் எடுக்கும் தம்பிக்குப் போன் போட்டேன். "காலையில ஆறரைக்கே எடுத்துட்டேன்க்கா. கெட்டுடக் கூடாதுன்னு ஐஸ் பாக்ஸ்ல அடியிலயே வெச்சிருந்தேன்" என்றான். பிள்ளை அக்கறையாகத்தான் செய்திருக்கிறான். ஆனால் சிக்கலே அதுதான். சிவப்பணுவின் சுவரில் இருக்கும் பம்ப் சோடியத்தை வெளியே தள்ளி, பொட்டாசியத்தை உள்ளே பிடித்து வைக்கிறது. குளிரில் அது நின்றுபோகும். செல் உடையாமலே பொட்டாசியம் மெல்ல மெல்ல சீரத்துக்குள் கசியும். நிறம் மாறாததால் கண்ணுக்கும் தெரியாது. எடுத்த நேரம் ஆறரை, செல்லையும் சீரத்தையும் பிரிக்க நாங்கள் மெஷினில் சுழற்றியது பத்தே முக்கால். நாலேகால் மணி நேரம் ஐஸ் மேல்.

அன்று மத்தியானமே மறுபடி ரத்தம் எடுக்கச் சொல்லி, உடனே சுழற்றிப் பார்த்ததில் 4.3.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். சித்திரை வெயிலில், பிரிக்காத ரத்தம் சூடான வண்டிப் பெட்டியில் ஒன்றிரண்டு மணி நேரம் கிடந்தால், பம்ப் வேகமாக ஓடி பொட்டாசியத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். நிஜத்தில் 3.8 உள்ளவருக்கு 3.2 என்று வரலாம். இன்னும் நேரம் போய், செல்லுக்குள் சர்க்கரை தீர்ந்தால் மறுபடி ஏறத் தொடங்கும். எங்கள் பதிவேட்டைப் புரட்டினால் மார்கழியில் மலைச் சாம்பிள்கள் ஒரு பக்கமும், சித்திரையில் இன்னொரு பக்கமும் சாய்ந்தது தெரிந்தது. உடம்பு பருவத்துக்குப் பருவம் அப்படி மாறுவதில்லை. சாய்ந்தது பெட்டிதான்.

பொட்டாசியம் தனியாக ஏறியிருந்தால் நான் கேட்பவை: எத்தனை மணிக்கு எடுத்தீர்கள், எத்தனை மணிக்குச் சுழற்றினீர்கள், எதில் வைத்தீர்கள், நரம்பு கிடைக்கவில்லை என்று கையை மூடி மூடித் திறக்கச் சொன்னீர்களா. கையை அப்படி இறுக்குவதாலேயே பொட்டாசியம் ஒரு புள்ளி வரை ஏறலாம். சீரம் இளஞ்சிவப்பாக இருந்தால் ஹீமோலிசிஸ், அதாவது சிவப்பணு உடைந்திருக்கிறது. அப்போது எல்.டி.எச்., எஸ்.ஜி.ஓ.டி. என்ற என்சைம்கள் இரண்டும் சேர்ந்து ஏறியிருக்கும். தட்டணு, அதாவது பிளேட்லெட், மிக அதிகமாக உள்ளவர்களுக்கு ரத்தம் உறையும்போதே தட்டணுவிலிருந்து பொட்டாசியம் வெளியேறும். அவர்களுக்கு ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் ட்யூபில் எடுத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

எங்களுக்குக் கிடைத்த நிரந்தரத் தீர்வு, மேலேயே ஒரு சிறிய சென்ட்ரிஃப்யூஜ் (சுழற்றும் மெஷின்) வாங்கி வைத்தது. செல்லையும் சீரத்தையும் பிரித்து நிறுத்தும் ஜெல் உள்ள ட்யூபில் எடுத்து, அரை மணி நேரம் உறைய விட்டு, அங்கேயே சுழற்றி, ஜெல் நடுவில் அடைத்த பிறகுதான் ட்யூப் மலை இறங்குகிறது. கீழே வந்ததும் இன்னொரு தடவை சுழற்றிவிடாதீர்கள். ஜெல்லுக்கு அடியில் தேங்கியிருக்கும் பொட்டாசியம் மேலே வந்துவிடும்.

பொட்டாசியம் 9, கால்சியம் 5, அல்கலைன் பாஸ்பட்டேஸும் தரையில்

இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் வேறு எதையும் தேட வேண்டாம். ஊதா மூடி ட்யூபின் மருந்து சீரத்தில் கலந்திருக்கிறது. ரத்தம் உறையாமல் தடுக்கும் அந்த மருந்தின் பெயர் இ.டி.டி.ஏ.; அதன் உப்பில் பொட்டாசியம் இருக்கிறது. அது கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், அல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற என்சைமுக்குத் தேவையான துத்தநாகத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துக்கொள்ளும். யாரோ ஊதா ட்யூபில் அதிகம் விழுந்த ரத்தத்தைச் சிவப்பு மூடி ட்யூபுக்குள் ஊற்றியிருப்பார்கள், அல்லது ஊதாவை முதலில் நிரப்பியிருப்பார்கள். நீலம், சிவப்பு அல்லது மஞ்சள், பச்சை, ஊதா, கடைசியில் சாம்பல். இந்த வரிசையைக் கலெக்‌ஷன் மேஜைக்கு மேல் சுவரில் ஒட்டி வையுங்கள். புது சாம்பிள் கேளுங்கள்.

சர்க்கரை 48 என்கிறது மெஷின். ஆள் தெம்பாகப் பேசுகிறார்

பிரிக்காத ரத்தத்தில் செல்கள் உயிரோடுதான் இருக்கின்றன. அவை சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். சாதாரண அறை வெப்பத்தில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும். சேலத்து மே மாதத்தில் இன்னும் வேகம். வெள்ளணு மிக அதிகமுள்ளவரின் ட்யூபில் அதைவிட வேகம். சாம்பல் மூடி ஃப்ளூரைடு ட்யூபில் போட்டால் போதும் என்று நினைக்கிறோம். ஃப்ளூரைடு வேலையை முழுதாகத் தொடங்கவே ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும். அதற்குள் கொஞ்சம் போய்விடும். அதனால் ஃப்ளூரைடு ட்யூபைக் குளிரில் வைத்து, முடிந்த அளவு சீக்கிரம் பிளாஸ்மாவைப் பிரிக்க வேண்டும்.

பெட்டியில் வைப்பதிலும் வித்தியாசம் இருக்கிறது. குளுக்கோஸ் ட்யூபுக்குக் குளிர் நல்லது, பிரிக்காத பொட்டாசியம் ட்யூபுக்குக் குளிர் எதிரி. இரண்டையும் ஒரே ஐஸ் பெட்டியில் போட்டு அனுப்புவதை நாங்கள் நிறுத்திவிட்டோம்.

தட்டணு 38 ஆயிரம், ரத்தக் கசிவு எதுவும் இல்லை

டெங்கு பரவும் மாதங்களில் இந்த ஒரு எண் ஒரு குடும்பத்தையே உலுக்கிவிடும். ஒரு நாள் மாலை, பத்து வயதுப் பையனின் ரிப்போர்ட்டை வாங்கிய அவனுடைய அப்பா கவுன்ட்டரிலேயே உட்கார்ந்துவிட்டார். பையனுக்குக் காய்ச்சல் விட்டு மூன்று நாள் ஆகியிருந்தது, பக்கத்தில் நின்று பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான். ரிப்போர்ட் கொடுப்பதற்கு முன்பே நாங்கள் ஸ்லைடு பார்த்திருக்க வேண்டும். அன்று பார்க்காதது எங்கள் தவறு.

முதலில் ட்யூபைத் திறந்து குச்சியால் மெல்லத் துழாவுங்கள். சின்னதாக ஒரு உறைகட்டி மாட்டினால் முடிந்தது, அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. எடுக்கும்போது தாமதமாகியிருக்கும், அல்லது ட்யூபை எட்டுப் பத்து முறை தலைகீழாகக் கவிழ்த்துக் கலக்கியிருக்க மாட்டார்கள். குழந்தைகளின் நரம்பில் இது அடிக்கடி நடக்கும்.

கட்டி இல்லை என்றால் ஸ்மியர் போட்டு, அதாவது ஒரு துளி ரத்தத்தை ஸ்லைடில் மெல்லிதாகப் பரப்பி, அதன் மெல்லிய நுனிக்குப் போங்கள். தட்டணுக்கள் திரள் திரளாக ஒட்டிக் கிடந்தால், அவருடைய ரத்தத்துக்கு இ.டி.டி.ஏ. ஒத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம். ஏறக்குறைய ஆயிரத்தில் ஒருவருக்கு இப்படி இருக்கும். அது நோய் இல்லை, ட்யூபுக்குள் மட்டும் நடக்கும் விஷயம். மெஷின் ஒரு திரளைத் தட்டணு என்று எண்ணாது. சில சமயம் அதை வெள்ளணு என்று எண்ணி அந்த எண்ணையும் ஏற்றிவிடும். நீல மூடி சிட்ரேட் ட்யூபில் சரியான கோடு வரை எடுத்து ஓட்டி, வரும் எண்ணை 1.1-ஆல் பெருக்குங்கள். சிட்ரேட் திரவம் பத்தில் ஒரு பங்கு நீர்த்துப்போகச் செய்வதால்தான் அந்தப் பெருக்கல். சிலருக்குச் சிட்ரேட்டிலும் திரளும். அவர்களுக்கு ரத்தத்தை எடுத்த கையோடு ஓட்ட வேண்டும்.

அந்தப் பையனின் ஸ்லைடில் நுனி முழுக்கத் திரள். சிட்ரேட்டில் 2 லட்சத்து 10 ஆயிரம். அவனுடைய அப்பாவிடம், "அண்ணா, பையனுக்கு ஒண்ணுமில்ல. மறுபடி எங்க போய் எடுத்தாலும் இந்த ட்யூப் விஷயத்த முதல்லயே சொல்லிடுங்க" என்று சொல்லி, ரிப்போர்ட்டின் அடியிலும் எழுதிக் கொடுத்தோம். அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் அடுத்த லேப்பில் இதே கதை மறுபடி நடக்கும்.

ஸ்மியரில் கைக்கணக்கும் போட்டுப் பாருங்கள். எண்ணெய் லென்ஸில் பத்துப் பார்வைப் புலங்களில் தட்டணுவை எண்ணி, சராசரியை 15 ஆயிரத்தால் பெருக்கினால் தோராயமான எண் கிடைக்கும். மெஷின் 38 ஆயிரம் என்று சொல்லி, புலத்துக்குப் பன்னிரண்டு தென்பட்டால் யாரை நம்புவது என்பதில் குழப்பமே இல்லை.

எம்.சி.எச்.சி. 38-க்கு மேல்

சிவப்பணுவுக்குள் ஹீமோகுளோபின் எவ்வளவு அடர்த்தி என்று சொல்லும் எண் இது. சிவப்பணுவுக்குள் அவ்வளவு ஹீமோகுளோபின் அடைக்க இடமில்லை. 36-ஐத் தாண்டினாலே எனக்கு உறுத்தும். ஹீமோகுளோபினை மூன்றால் பெருக்கினால் ஹீமடோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுவின் சதவீதம்) ஏறக்குறைய வர வேண்டும், 12 என்றால் 36. மூன்று புள்ளிக்கு மேல் விலகினால் நில்லுங்கள். குளிரில் சிவப்பணுக்கள் ஒட்டிக்கொள்ளும் கோல்டு அக்ளூட்டினின் இருக்கலாம். ஏற்காட்டிலிருந்து குளிர்ந்து வந்த ட்யூபில் இது நன்றாகவே தெரியும், கண்ணாடியில் மணல் ஒட்டிய மாதிரி. 37 டிகிரியில் அரை மணி நேரம் வைத்து, சூடு ஆறும் முன் ஓட்டுங்கள். எண் சரியானால் அதுதான் காரணம். சரியாகாவிட்டால் பிளாஸ்மா பால் போலக் கொழுப்பாக இருக்கிறதா, கடும் மஞ்சளாக இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டுமே ஹீமோகுளோபினைப் பொய்யாக ஏற்றும்.

இதோடு ஒன்று. ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். அங்கேயே வாழ்பவர்களின் ஹீமோகுளோபின் கீழே இருப்பவர்களைவிடச் சற்றுக் கூடுதலாக இருப்பது இயல்பு. அதனால் நாகலூர்க்காரர் ஒருவருக்கு வரும் 12-ஐயும் சேலத்துக்காரருக்கு வரும் 12-ஐயும் ஒரே கண்ணால் பார்க்கக் கூடாது. மலையில் இருப்பவரின் ரத்தச்சோகை அந்த எண்ணுக்குப் பின்னால் ஒளிந்திருக்கலாம்.

சர்க்கரை 600, மற்ற எல்லாம் நீர்த்தது போல

டிரிப்ஸ் ஏறும் கையில் எடுத்திருக்கிறார்கள். மறு கையில் எடுக்கச் சொல்லுங்கள். அவ்வளவுதான்.

போன மாதத்தோடு ஒத்துப்போகவில்லை

முதல் கேள்வி: இது அவருடைய ரத்தம்தானா? எங்கள் பதிவில் ஒரே காலையில் ஒரே பெயரில் மூன்று பேர் வந்திருக்கிறார்கள். ட்யூபில் பெயரோடு வயதும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும், நோயாளியின் பக்கத்தில் நிற்கும்போதே எழுத வேண்டும். ஆள் மாறியதா என்று பார்க்க எம்.சி.வி., அதாவது சிவப்பணுவின் சராசரி அளவு, நல்ல துணை. ரத்தம் ஏற்றாத ஒருவருக்கு ஒரு வாரத்தில் எம்.சி.வி. 92-லிருந்து 74-க்கு இறங்காது. இறங்கியிருந்தால் ட்யூப் மாறியிருக்கிறது.

ஆள் சரி என்றால், மாற்றம் உண்மையிலேயே மாற்றமா என்று பார்க்க வேண்டும். எந்த உடம்பிலும் எண்கள் நாளுக்கு நாள் ஆடும், மெஷினும் கொஞ்சம் ஆடும். கிரியாட்டினினில் உடம்பின் ஆட்டம் சுமார் 5 சதவீதம், மெஷினின் ஆட்டம் 3 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், ஏறக்குறைய 16 சதவீதத்துக்கு மேல் மாறினால்தான் உறுதியாக மாறியது என்று சொல்லலாம். 1.0 இருந்தது 1.1 ஆகிவிட்டது என்று பதறி வருபவரிடம் இதைப் பொறுமையாக உட்கார வைத்துச் சொல்லுங்கள். அந்தப் பத்து நிமிடம் வீணில்லை.

கன்ட்ரோல் கோட்டுக்கு வெளியே

கன்ட்ரோல் என்பது, எண் எவ்வளவு வர வேண்டும் என்று முன்பே தெரிந்த சாம்பிள். இங்கேதான் மெஷினைச் சந்தேகப்படும் முறை வருகிறது. இங்கேதான் பெரிய தப்பும் நடக்கிறது: உள்ளே விழும்வரை கன்ட்ரோலைத் திரும்பத் திரும்ப ஓட்டுவது. அப்படிச் செய்தால் கன்ட்ரோல் வைத்திருப்பதற்கே பொருளில்லை.

கன்ட்ரோல் சார்ட்டை 1950-இல் லீவியும் ஜென்னிங்ஸும் லேப்புக்குக் கொண்டுவந்தார்கள். 1981-இல் வெஸ்ட்கார்டும் கூட்டாளிகளும் அதைப் படிக்க விதிகள் கொடுத்தார்கள். குளுக்கோஸ் கன்ட்ரோலின் சராசரி 100, எஸ்.டி. (சராசரியிலிருந்து எண்கள் வழக்கமாக விலகும் அளவு) 3 என்று வைப்போம். 94-க்கும் 106-க்கும் வெளியே ஒரு புள்ளி விழுந்தால் எச்சரிக்கை மட்டும். எல்லாம் சரியாக இருந்தாலும் ஏறக்குறைய இருபதில் ஒரு தடவை இப்படி விழும். 109-ஐத் தாண்டினாலோ 91-க்குக் கீழே போனாலோ ரிப்போர்ட்டை நிறுத்துங்கள். அடுத்தடுத்து இரண்டு புள்ளி ஒரே பக்கம் இரண்டு எஸ்.டி.-ஐத் தாண்டினாலும் நிறுத்துங்கள். பத்துப் புள்ளி தொடர்ந்து சராசரியின் ஒரே பக்கம் உட்கார்ந்திருந்தால், எதுவும் எல்லை தாண்டாவிட்டாலும் மெஷின் சாய்ந்துவிட்டது.

எந்த வடிவத்தில் கெட்டது என்பதே காரணத்தைக் காட்டிவிடும். ஒரே நாளில் படி ஏறியது போலத் தாவினால், அன்று என்ன மாற்றினோம் என்று கேளுங்கள்: ரீஏஜென்ட் (சோதனை மருந்து) லாட், கேலிப்ரேட்டர் (மெஷினின் அளவைச் சரிசெய்யும் திரவம்), பல்பு. நாளுக்கு நாள் மெல்லச் சரிந்தால் ரீஏஜென்ட் கெடுகிறது, ஃபிரிட்ஜ் சரியில்லை, அல்லது பல்பு வயதாகிறது. ஹாலோஜன் பல்பு மங்கும்போது 340 நானோமீட்டர் ஒளியில் படிக்கும் எஸ்.ஜி.பி.டி., யூரியா முதலில் ஆடும். என்சைம்கள் மட்டும் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தால் கியூவெட்டின் (சோதனை நடக்கும் சிறு கிண்ணம்) 37 டிகிரியைச் சோதியுங்கள். ஒரே ஒரு புள்ளி அங்குமிங்கும் எகிறினால் சாம்பிளை உறிஞ்சும் புரோபில் குமிழியோ கட்டியோ இருக்கும்.

கன்ட்ரோலில் குளுக்கோஸ், யூரியா, புரதம், கால்சியம் என எல்லாமே ஒரே சதவீதம் குறைந்திருந்தால் மெஷினைத் தொடவே வேண்டாம். கன்ட்ரோல் பொடியைக் கரைத்தவர் தண்ணீர் அதிகம் விட்டிருக்கிறார். எல்லாமே ஒரே சதவீதம் ஏறியிருந்தால் தண்ணீர் குறைவு, அல்லது மூடி சரியாக மூடாமல் வற்றியிருக்கிறது. 5 மில்லி என்றால் சரிபார்த்த பிப்பெட்டில் 5 மில்லி, டிஸ்டில்டு வாட்டர், அரை மணி நேரம் குலுக்காமல் மெல்லச் சுழற்றிக் கரைக்க வேண்டும். எங்கள் பக்கம் போர் தண்ணீரில் உப்பு அதிகம். சுத்திகரிக்கும் இயந்திரத்தின் கேட்ரிட்ஜ் தீர்ந்தது தெரியாமல் அந்தத் தண்ணீர் மெஷினுக்குப் போனால் கால்சியம் முதலில் காட்டிக்கொடுக்கும்.

சராசரியையும் எஸ்.டி.-ஐயும் பெட்டிக்குள் வரும் தாளிலிருந்து எடுக்காதீர்கள். அதில் இருக்கும் எல்லை மிக அகலம். இருபது நாள் உங்கள் மெஷினில் ஓட்டி உங்கள் எண்களை நீங்களே போடுங்கள்.

கன்ட்ரோல் நன்றாக இருக்கிறது, டாக்டர் மட்டும் நம்பவில்லை

டாக்டர் போன் செய்தால் முறைத்துக்கொள்ளாதீர்கள், அவர் கையில் நோயாளி இருக்கிறார். தைராய்டு மிகையாக வேலை செய்வது போல டி.எஸ்.எச். தரையில், டி4 மேலே, ஆனால் ஆளுக்குப் படபடப்பு எதுவும் இல்லை என்றால், முடி கொட்டுவதற்கு மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேளுங்கள். அதில் இருக்கும் பயோட்டின் சில மெஷின்களின் முறையைக் குழப்பிவிடும். குறைந்தது இரண்டு நாள் நிறுத்திவிட்டு மறுபடி எடுக்க வேண்டும். சுமார் மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ1சி., மெஷின் காட்டும் சர்க்கரையோடு பொருந்தாவிட்டால் ரத்தத்தைப் பற்றி விசாரியுங்கள். இரும்புச் சத்துக் குறைவு அதை உயர்த்திக் காட்டலாம். அண்மையில் ரத்தம் ஏற்றியிருந்தாலோ சிவப்பணு 120 நாள் வாழாமல் சீக்கிரம் உடைந்தாலோ குறைத்துக் காட்டும்.

நம் மெஷின் ஊரோடு ஒத்துப்போகிறதா என்று அறிய வெளியிலிருந்து வரும் சாம்பிள்தான் வழி. உயிர்வேதியியலுக்கு வேலூர் சி.எம்.சி., ரத்தவியலுக்கு டெல்லி எய்ம்ஸ் நடத்தும் திட்டங்களில் சிறிய லேப்களும் சேரலாம். அந்தச் சாம்பிளை நோயாளியின் சாம்பிளைப் போல ஒரே தடவை, அன்று வேலையில் இருப்பவரே ஓட்ட வேண்டும். மூத்தவர் ஒருவர் தனியாக மூன்று தடவை ஓட்டிச் சராசரி அனுப்பினால் நம் லேப்பின் உண்மை நமக்கே தெரியாமல் போய்விடும்.

ரிப்போர்ட் போன பிறகு தவறு தெரிந்தது

முதலில் போன், பேப்பர் அப்புறம். டாக்டரிடமும் நோயாளியிடமும் தவறை நேரடியாகச் சொல்லுங்கள். திருத்திய ரிப்போர்ட்டில் பழைய எண், புது எண், மாற்றிய நேரம் மூன்றும் இருக்கட்டும். பழையதை அழித்துவிட்டுப் புதிதாக அச்சடித்துக் கொடுப்பது கூடாது. அடுத்து, கன்ட்ரோல் கடைசியாகச் சரியாக இருந்த நேரம் வரை பின்னோக்கிப் போங்கள். அந்த நேரத்திலிருந்து போன ஒவ்வொரு ரிப்போர்ட்டும் சந்தேகத்துக்குரியது. அவற்றை மறுபடி ஓட்டிப் பார்க்கச் சீரம் வேண்டும். எங்கள் ஃபிரிட்ஜின் கீழ் அடுக்கில், தேதி எழுதிய ஏழு தட்டுகளில் ஒரு வாரத்துச் சீரம் முழுவதும் பிரித்து மூடிய ட்யூபுகளில் இருக்கிறது. எட்டாவது நாள் காலையில்தான் பழைய தட்டு வெளியே போகும்.